வெற்றிலைப் பையும் வயிற்றுப் பிள்ளையும்



அட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, நுவரெலியா பக்கமெல்லாம் கிளினிக் நாளில் வரிசையில் நிற்கும் கர்ப்பிணித் தாய்மாரைக் கண்டிருப்பீர்கள். கையில் கிளினிக் அட்டை இருக்கும். பலரின் இடுப்பில் ஒரு சுருக்குப் பையும் இருக்கும். அதற்குள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. கர்ப்பிணி ஒருத்தி சிகரெட் பிடித்தால் ஊரே பதறும். புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருப்பவளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. புகை வராததால் பாதகமும் வராது என்று எண்ணிவிடுகிறோம்.

அவளைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. விடியற்காலைப் பனியில் மலையேறி, கூடை சுமந்து கொழுந்து பறிக்க வேண்டும். ஒரு ரொட்டியும் சாயத் தண்ணீருமே பல லயங்களில் காலை ஆகாரம். வெற்றிலைக் கூறு குளிரை மறக்கடிக்கும், பசியையும் அடக்கும். மசக்கைக் குமட்டலுக்கு மாமியாரே மடித்துக் கொடுப்பதும் உண்டு. பசி அடங்குகிறதே, அதில்தான் முதல் கெடுதி இருக்கிறது. தாய்க்குப் பசியில்லை என்றால் பிள்ளைக்கும் சாப்பாடு இல்லை.

சுண்ணாம்பு ஏன் சேர்க்கிறோம் என்று எப்போதாவது யோசித்ததுண்டா? புகையிலையிலுள்ள நிக்கொட்டினைக் காரம்தான் கன்னத்தின் உள்தோல் வழியாக விரைவாக இரத்தத்தில் ஏற்றுகிறது. ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்தில் வாழும் ஆதிவாசிப் பெண்கள் காட்டுப் புகையிலை இலையை மரச் சாம்பலோடு பிசைந்து வாயில் அடக்குவார்கள். ‘பிட்டுரி’ என்பது அதன் பெயர். அங்கே சாம்பல், இங்கே சுண்ணாம்பு, வேலை ஒன்றுதான். இரத்தத்தில் ஏறிய நிக்கொட்டின் நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடமும் போகிறது. இரத்தக் குழாய்களை இறுக்கி, பிள்ளைக்குப் போகும் போஷாக்கையும் பிராணவாயுவையும் குறைக்கிறது.

இது வெறும் ஊகமல்ல. மும்பையில் 1,200க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். மெல்லும் புகையிலை பாவித்த தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து, ஏறத்தாழ 6 நாட்கள் முந்திப் பிறந்தன. பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறப்பதும் அத்தாய்மாரிடையே அதிகம் என்று அதே ஆய்வாளர்கள் 2006இல் எழுதினார்கள். 105 கிராம் என்ன பெரிய கணக்கு என்று கேட்பீர்கள். மூன்று கிலோப் பிள்ளைக்கு அது பெரிதில்லை. இரண்டரைக் கிலோவின் விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு அது பெரிது. இலங்கையில் எடை குறைந்த பிறப்புகள் தோட்டப் பகுதியில்தான் அதிகம். 2016ஆம் ஆண்டு சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டங்களில் 32 பேர். வறுமை, இரத்தசோகை, ஓயாத வேலை என்று இதற்குக் காரணங்கள் பல. எல்லாப் பழியையும் புகையிலையின் தலையில் போடுவது நியாயமாகாது. ஆனால் காரணங்களில் சட்டென்று கைவிடக்கூடியது இது ஒன்றுதான். கூலியை உயர்த்துவது அவள் கையில் இல்லையே!

“நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்” என்பவர்களுக்கும் ஒரு சேதி. தாய்வானில் வெற்றிலைக் கூறில் புகையிலை கிடையாது. அங்குள்ள பழங்குடிப் பெண்களிடம் செய்த ஆய்விலும் கர்ப்பகாலத்தில் மென்றவர்களின் பிள்ளைகள் எடை குறைந்தே பிறந்தன. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004இல் அறிவித்துவிட்டது.

மெல்லும் புகையிலைப் பொருட்களை இலங்கை அரசு 2016இல் தடைசெய்தது. ஆனாலும் கூறுக்குள் வைக்கும் புகையிலை மலையகக் கடைகளிலிருந்து மறைந்துவிடவில்லை. உங்கள் வீட்டாருக்குப் பெட்டிக்கடை இருந்தால், கர்ப்பிணிக்குக் கட்டும் கூறில் புகையிலை வைக்க வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வெளியார் சொல்வதைவிட மனைவி சொன்னால் எடுபடும்.

விடுவது எப்படி? முதல் மூன்று நான்கு நாட்கள் சிரமம்தான். தலைவலி, எரிச்சல், ‘வாய் சும்மா இருக்கிறதே’ என்ற தவிப்பு எல்லாம் வரும். வாய்க்கு ஓர் ஏலக்காயோ, இஞ்சித் துண்டோ, நெல்லிக்காயோ கொடுங்கள். பசிக்கு மட்டும் சோறுதான் மருந்து. கிளினிக்கில் தரும் திரிபோஷாவை வீட்டார் எல்லாரும் பங்குபோடாமல் அவளுக்கே விடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையைச் சாயத் தண்ணீரோடு விழுங்கக் கூடாது. தேயிலை அச்சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைத் தண்ணீரோடு குடிப்பது நல்லது. கணவரும் மாமியாரும் அவள் எதிரில் மெல்லாதிருந்தால் பாதிச் சிரமம் குறையும்.

மிட்வைப் அம்மா “புகையிலை போடுகிறீர்களா?” என்று கேட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் தாயே சொல்லலாம். பிள்ளை பிறந்ததும் “இனி என்ன, போட்டுக்கொள்” என்று மீண்டும் பையை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நிக்கொட்டின் தாய்ப்பாலிலும் கலக்கும். பால் கொடுக்கும் காலம் முடியும்வரை அந்தப் பையை அவள் கண்ணில் காட்டாதீர்கள்.