முடி சூடாத மன்னர்களை மறுக்கிறோம்

இயக்கம் என்ற சொல்லைக் கேட்டால் யாழ்ப்பாணத்தில் இன்றும் பேச்சு தணியும், படலை சாத்தப்படும். அது தெரிந்தே அந்தச் சொல்லை எடுத்திருக்கிறோம். எங்களிடம் ஆயுதம் இல்லை, பெருந்தலைவர் இல்லை. கொள்கை ஒன்று உண்டு: தனியொருவரின் விருப்பம் சட்டமாகக் கூடாது. கொழும்பிலும் கூடாது, எங்கள் ஊரிலும் கூடாது.

2021 ஏப்ரலில், இரசாயன உரம் இனி நாட்டுக்குள் வராது என்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச தீர்மானித்தார். மே மாத வர்த்தமானி அதைச் சட்டமாக்கியது. விவசாய அறிஞர்களின் எச்சரிக்கை எடுபடவில்லை. கோப்பாய், புத்தூர், உரும்பிராய்ச் செம்பாட்டுத் தோட்டங்களில் வெங்காயத் தாள் நுனியிலிருந்து மஞ்சளாகி வந்ததைப் பார்த்தோம். ஒரு கமக்காரர் பாத்தியில் குந்தியிருந்து ஒரு வெங்காயத்தைப் பிடுங்கிக் காட்டினார். சுண்டுவிரல் நகமளவுதான் விளைந்திருந்தது. நவம்பரில் தடை நீங்கியது. இறைத்த தண்ணீரும் கொடுத்த கூலியும் திரும்பி வரவில்லை.

இதைச் செய்தவர் 69 இலட்சம் வாக்குப் பெற்றவர். பழைய மன்னன் தெய்வத்தின் பெயரால் ஆண்டான். இன்றைய சர்வாதிகாரி எங்கள் பெயரால் ஆள்கிறார். வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அதுவே கொடுமை. தெய்வத்திடம் மன்னனுக்குக் கொஞ்சமாவது பயம் இருந்தது.

பிரான்சில் பதினான்காம் லூயியின் காலத்தில் அரச முத்திரை குத்திய ஒரு கடிதம் போதும். விசாரணையில்லாமல் ஒருவரைச் சிறையில் தள்ளலாம். இங்கே 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அமைச்சர் ஒருவரின் கையெழுத்துக்கு அதே வலுவைக் கொடுத்தது. வழக்கில்லாமல் பதினெட்டு மாதம் வரை அடைத்துவைக்கலாம். 2022இல் அது பன்னிரண்டு மாதமாகக் குறைந்தது, சட்டம் போகவில்லை. மகனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அலைந்த தாய்க்கு அந்தக் கடிதமும் இந்த உத்தரவும் ஒன்றுதான்.

1978 யாப்பின் 35ஆம் உறுப்புரை, பதவியிலிருக்கும் ஜனாதிபதி அலுவலாகவோ தனிப்படவோ செய்த எதற்கும் வழக்குத் தொடர முடியாது என்றது. அடிப்படை உரிமை மனுவுக்கு மட்டும் 2015இல் ஒரு வாசல் திறந்தார்கள், 2020இல் அதைச் சாத்தப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் திறக்கவும் மூடவும் பார்க்கும் கதவை நாங்கள் சட்டம் என்று சொல்ல மாட்டோம். தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டவர் ஜே. ஆர். ஜெயவர்த்தன. 1982 டிசம்பரில் தேர்தலே நடத்தாமல் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டு நீட்ட அவர் வாக்கெடுப்பு வைத்தார். ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்த பத்துப் பேரில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள். முந்தின ஆண்டுதான் யாழ்ப்பாண நூலகம் எரிந்திருந்தது. அந்த ஒன்பது பேரையே எங்கள் முன்னோராகக் கொள்கிறோம்.

வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லாமல், ஜனாதிபதி அனுப்பும் ஆளுநரே மாகாணத்தை நடத்திவருகிறார். மன்னர் காலத்து அதிகாரியும் இப்படித்தான் வந்தான்.

இதுவரை சொன்னதற்கு எங்கள் ஊரில் கைதட்டுவார்கள். இனிச் சொல்வதற்குத் தட்டமாட்டார்கள், ஆனாலும் சொல்லியாக வேண்டும். தமிழரின் ஏக பிரதிநிதி தாங்களே என்று விடுதலைப் புலிகள் சொன்னபோது அதுவும் எங்கள் பெயரால்தான் சொல்லப்பட்டது. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். நாங்கள் படலைக்கு உள்ளே நின்று பார்த்தோம். அதற்கு ஓராண்டு முன்பு, 1989 செப்டெம்பர் 21இல், எல்லாத் தரப்பின் அட்டூழியத்தையும் எழுதிய ரஜனி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். எதிரியின் மன்னனை வெறுத்துக்கொண்டே எங்களுக்கென ஒரு மன்னனைத் தேடினோம். நல்லூரில் சங்கிலியனுக்குச் சிலை வைத்திருக்கிறோம்; அப்பெயர் கொண்ட அரசன் 1544இல் மன்னாரில் மதம் மாறிய தன் குடிமக்களைக் கொல்வித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. இனிச் சொல்வோம்.

எங்கள் பெயரை நாங்கள் திருப்பி எடுத்துக்கொள்கிறோம். நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை ஒழிய வேண்டும். ஒழிப்பேன் என்று 1994இல் சந்திரிகா குமாரதுங்க வாக்குக் கொடுத்தார். அதே கதிரையில் பதினொரு ஆண்டு இருந்தார். பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு பெயரில் திரும்பி வராமல் அடியோடு நீங்க வேண்டும். மாகாண சபைத் தேர்தல் நடக்க வேண்டும்.

சனசமூக நிலையங்களில் மாலை வேளையில் யாப்பைத் தமிழில் உரத்து வாசிப்பதே எங்கள் முதல் வேலை. 35ஆம் உறுப்புரையில் தொடங்குவோம். எங்கள் கூட்டங்களுக்கு மாதம் ஒருவர் தலைமை தாங்குவார், ஓராண்டுக்குள் அவர் மறுபடி அந்தக் கதிரையில் இருக்கக்கூடாது. சுவரில் யாருடைய படமும் மாட்டப்படாது. சேர வருகிறவர் எவருக்கும் விசுவாசச் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. மேசையில் கிடக்கும் கொப்பியில் பெயரை எழுதினால் போதும். விலக நினைத்தால், காரணம் சொல்லாமல், அதே பேனையால் வெட்டிவிட்டுப் போகலாம்.