ஞானப் பல் மகாநாடு

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மகாநாடு கூடிற்று. விவாதத்துக்கு வந்த விஷயம், என் மூத்த பெண்ணின் கடைவாய்ப் பற்கள் நான்கு. அவளுக்கு வயது 20. திருச்சியில் தங்கிச் சங்கீதம் படிக்கிறாள். தீபாவளிக்கு வந்தவள் இடது கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டே வந்து சேர்ந்தாள். அதிரசத் தட்டைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்றால், வலியின் கடுமையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கடைசியில் முளைக்கும் இந்தப் பல்லுக்கு ஞானப் பல் என்று பெயர் வைத்தவர்கள் வேடிக்கையான மனிதர்களாக இருக்க வேண்டும். பெரும்பாலும் 17 வயதுக்கு மேல் 25 வயதுக்குள் அது தலை காட்டுகிறது. அந்தப் பருவத்தில் ஞானமும் கூடவே வருகிறதா என்பதைக் கல்லூரி ஆசிரியர்களைத்தான் கேட்க வேண்டும். நான் வெறும் பள்ளிக்கூட உபாத்தியாயன். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த நான்கில் ஒன்றாவது முளைப்பதே இல்லை. அவர்கள் புண்ணியசாலிகள். மற்றவர்களில் பலருக்குத் தாடையில் இடம் போதாமல், பல் பாதி வெளியிலும் பாதி உள்ளேயுமாக நின்றுவிடுகிறது. அதன்மேல் ஈறு ஒரு மூடி போலப் படிந்திருக்கும். அந்த மூடிக்கு அடியில் ஒரு பருக்கை புகுந்துகொண்டால், பிரஷ் அங்கே எட்டாது. கிருமிகள் குடியேறுகின்றன, ஈறு வீங்குகிறது, வாயைத் திறப்பதே பெரும்பாடாகிறது. என் பெண்ணுக்கு நேர்ந்தது இதுதான்.

திருச்சியில் அவள் ஒரு பல் வைத்தியரிடம் போயிருக்கிறாள். அவர் எக்ஸ்ரே படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நாலையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம். எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்?" என்றாராம். பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆக, மகாநாட்டின் முன்னிருந்த தீர்மானம் அவருடையது. பிரேரேபித்தவர்தான் சபையில் இல்லை.

தீர்மானத்தை என் தாயார் வன்மையாக எதிர்த்தாள். "வலி அடங்கிக்கொண்டு வருகிறதல்லவா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! அதிலும் மேல் பல்லைப் பிடுங்கினால் கண் மங்கிப் போகும். உன் பெரிய அத்தைக்கு அப்படித்தானே ஆயிற்று?" என்றாள். பெரிய அத்தைக்கு அப்போது வயது 70. இரண்டு கண்களிலும் புரை விழுந்திருந்தது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்குரிய நரம்பு வேறு என்று நான் எடுத்துச் சொன்னேன். ஆனால் எங்கள் வீட்டில் பெரிய அத்தையை வென்ற சாஸ்திரம் இதுவரையில் கிடையாது.

என் மைத்துனர் தீர்மானத்தை ஆதரித்தார். பின்னால் முளைக்கும் பல் முன் பற்களை நெருக்கித் தள்ளிக் கோணலாக்கிவிடும் என்பது அவருடைய வாதம். பஸ்ஸில் ஏறும்போது நடப்பதை வைத்துப் பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் ஆராய்ந்து பார்த்தவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஞானப் பல் அடியோடு இல்லாதவர்களுக்கும் வயது ஏற ஏற முன் பற்கள் நெருங்கத்தான் செய்கின்றன.

இவ்வளவு நேரமும் என் மனைவி பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாக, "எடுத்தால் பாட்டுக்கு ஏதாவது ஆகுமா?" என்று கேட்டாள்.

சபை நிசப்தமாயிற்று. கேள்வியின் நியாயம் அப்படி. கீழ்த் தாடை எலும்புக்குள்ளே ஒரு நரம்பு ஓடுகிறது. உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். நாக்குக்கு உணர்ச்சி தரும் இன்னொரு நரம்பு பல்லுக்கு உட்புறமாகப் போகிறது. கீழ் ஞானப் பல்லை எடுக்கும்போது இவற்றில் ஒன்றுக்கு அடிபட்டால், உதடோ நாக்கோ மரத்துப்போகும். பெரும்பாலும் சில வாரங்களில், அல்லது சில மாதங்களில் சரியாகிவிடும். மிகச் சிலருக்கு அது நிலைத்துவிடுவதும் உண்டு. பாடிப் பிழைக்க எண்ணியிருக்கும் பெண்ணின் விஷயத்தில், 'மிகச் சிலர்' என்று சொல்லித் தள்ளிவிட முடியுமா?

நான் எந்தக் கட்சி என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது, எனக்கு 23 வயதில், இதே இடது கீழ்ப் பல் முதல் தடவை தொல்லை கொடுத்தது. உப்பு நீரால் கொப்பளித்தேன். ஒரு வாரத்தில் அடங்கிற்று. பிறகு இரண்டு மூன்று தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் உப்பு நீரே சஞ்சீவி. அதைப் பற்றி நண்பர்களிடம் நான் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு. என் ஞானப் பல் நேராக நிற்காமல் முன்னால் இருந்த பல்லின்மேல், ரயிலில் பக்கத்து ஆசாமியின் தோளில் சாய்ந்து தூங்குகிறவனைப்போல் சாய்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே சிக்கிய உணவு, நல்ல பல்லின் முதுகுப் புறத்தை வருஷக்கணக்காக அரித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை. 42 வயதில் ஒரு நாள் நள்ளிரவில் தெரிந்தது. இரண்டு பற்களையும் ஒரே நாளில் இழந்தேன். வயதான எலும்பு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு, முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தும், பழைய பக்தியினால் அன்று மாலையே உப்பு நீரை எடுத்துக் கொப்பளித்தேன். குழியில் உறைந்திருந்த ரத்தம் பெயர்ந்துபோய், மூன்றாம் நாள் வந்த வலியை வர்ணிக்க எனக்குச் சக்தியில்லை. இன்றுவரை முறுக்கு என்றால் எனக்கு வலது பக்கந்தான்.

ஆகையால் நான் எடுத்துவிடும் கட்சி. ஆயினும் நான்கையும் எடுப்பதா? உபாத்தியாயர் புத்தி சும்மா இருக்கவில்லை; படித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் இளம் வயதிலேயே நான்கையும் எடுத்துவிடும் வழக்கம் வெகுவாகப் பரவியிருக்கிறது. பிரிட்டனிலோ, 'நைஸ்' என்ற சர்க்கார் ஸ்தாபனம் 2000-ஆம் வருஷத்தில் இதற்கு நேர்மாறாகச் சொல்லிற்று. நோயில்லாமல் புதைந்து கிடக்கும் பல்லைத் தொட வேண்டாம்; ஈற்று வீக்கம் முதல் தடவை வந்தால், மிகக் கடுமையாக இல்லாத வரையில், அதற்காகவும் எடுக்க வேண்டாம்; இரண்டாந் தடவை வந்தால் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றது. தொல்லை தராத பல்லை எடுப்பதா, விடுவதா என்று தீர்ப்புச் சொல்லப் போதுமான அத்தாட்சி இல்லை என்று 'காக்ரேன்' என்னும் ஆராய்ச்சிக் குழுவினர் 2020-இல் எழுதினார்கள். படிக்கப் படிக்க என் கட்சி ஆட்டங் கண்டது. இவளுக்கு இது முதல் தடவைதானே?

வேறொரு பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். அந்த அம்மாள் படத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு பல்லாகக் காட்டினார். மேல் பற்கள் இரண்டும் நேராக இறங்கியிருந்தன. வலது கீழ்ப் பல் எலும்புக்குள் முழுவதும் புதைந்து, யாருக்கும் உபத்திரவமின்றிக் கிடந்தது. இடது கீழ்ப் பல் மட்டும் என்னுடையதைப் போலவே சாய்ந்திருந்தது. நரம்பு ஓடும் பாதை அதன் வேரிலிருந்து விலகியே இருந்தது.

"இதற்கு முன் வலித்ததுண்டா?" என்று கேட்டார்.

என் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "சித்திரையில், பரீட்சை சமயத்தில் ஒரு தடவை வந்தது. ஜுரங்கூட இருந்தது. அப்பா கவலைப்படுவாரென்று சொல்லவில்லை" என்றாள்.

அரை நாள் மகாநாடு நடத்திய எங்களில் ஒருவருக்காவது அவளை அந்த ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை! பிறகு கேள்விகளை அவளே கேட்டாள். எடுக்காவிட்டால் என்ன ஆகும், எடுத்தால் நாக்கு மரத்துப்போக எவ்வளவு இடமுண்டு, எத்தனை நாள் பாடக் கூடாது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். அந்த அம்மாள் ஒன்றையும் மழுப்பவில்லை. அபாயம் சொற்பம், ஆனால் இல்லையென்று சொல்லமாட்டேன் என்றார். இந்த வயதில் புண் சீக்கிரம் ஆறும் என்றார். காத்திருப்பதென்று முடிவு செய்தால் வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்க முடியாமற் போனாலோ ஒரு மணி நேரங்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றும் எச்சரித்தார்.

"இடது பல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆனால் மார்கழிக் கச்சேரிகள் முடியட்டும்" என்றாள் என் பெண்.

தை பிறந்ததும் எடுத்தாயிற்று. நான்கு நாள் கன்னம் பூரிபோல் உப்பியிருந்தது. என் தாயார் ஆறவைத்த ரவைக் கஞ்சியை வேளை தவறாமல் கொடுத்து, தினம் ஒரு தடவை பேத்தியின் கண்ணையும் பரிசோதித்துக்கொண்டாள். உப்பு நீர்ச் சொம்பை என் மனைவி மறுநாள் வரையில் சமையலறையில் பூட்டி வைத்தாள். அது யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை. பதினைந்தாம் நாள் காலையில் மாடியிலிருந்து மாயாமாளவகௌளை வரிசை கேட்டது. மற்ற மூன்று பற்களும் அவளிடமே இருக்கின்றன. அடுத்த வருஷம் மறுபடியும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.