புள்ளி மறைஞ்சிடுச்சா? இனிமேதான் கவனம் தேவை!

அடையாறு ஃபிளாட்களில் ஹால் ஓரமாக மீன் தொட்டி இருப்பது சகஜம். புதிதாக நாலு மோலி வாங்கி விட்ட சில நாளில், மீன்களின் உடம்பெல்லாம் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். மீன்கள் கல்லில் போய் உரசும்; இரை எடுக்காது. கவனிக்காமல் விட்டால் தொட்டியே காலியாகிவிடும்.

இதுதான் வெள்ளைப் புள்ளி நோய். காரணம், 'இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ்' என்ற ஒரு செல் ஒட்டுண்ணி. மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாக 'இச்' என்பார்கள். 1876-ல் பெயர் வைத்தார்கள். 'மல்டிஃபிலிஸ்' என்றால் நிறைய பிள்ளைகள் உள்ளது என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான்!

மீனின் தோலுக்கு அடியில் புகுந்து, அதைத் தின்றே வளர்கிறது இச். சுமார் 1 மி.மீ. வரை வளர்ந்ததும் உதிர்ந்து, அடியில் இருக்கும் கல்லில் ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் ஓர் உறை. உள்ளே ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரியும். வெளியே வரும் குஞ்சுகள் ஏறக்குறைய இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். புள்ளி மறைந்ததும் 'சரியாகிடுச்சு' என்று மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால், புள்ளி போனது ஒட்டுண்ணி செத்ததால் அல்ல; குட்டி போட கீழே இறங்கியதால்! தோலுக்குள்ளோ உறைக்குள்ளோ இருக்கும்போது மருந்து அதை எட்டாது. நீந்தும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். சென்னை போன்ற வெதுவெதுப்பான தண்ணீரில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அதனால், புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது சிகிச்சையைத் தொடர வேண்டும்.

கடல் மீனுக்கும் இதேபோல ஒரு வில்லன் உண்டு: 'கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ்'. அது நன்னீரில் பிழைக்காது. இச் கடல் நீரில் பிழைக்காது. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய எம்.ஆர்.சி. நகரில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு நிறுவனம், 1997-ல் கொடுவா மீனைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்ய வைத்து சாதித்தது. அந்தக் கொடுவாவையும் இந்தக் கடல் ஒட்டுண்ணி விட்டுவைக்காது. நெருக்கமாக மீன் வளர்க்கும் இடமெல்லாம் அதற்குக் கொண்டாட்டம்தான்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

* புது மீனை இரண்டு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள்.

* ஒரு தொட்டியின் வலையை இன்னொன்றில் போடுவதற்கு முன் நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் போனால் இச் பிழைக்காது.

* தண்ணீர் மாற்றும்போது அடியில் இருக்கும் கல்லையும் உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள்.

பயம் வேண்டாம், தொட்டிக்குள் கைவிடும் குழந்தைகளுக்கு இச் தொற்றாது. காப்பாற்ற வேண்டியது மீனைத்தான்!