மழைக்காலமும் கோழி முற்றமும்



ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், கோழி வளர்க்கும் நம் தாய்மார்களுக்குக் கவலையும் தொடங்கிவிடுகிறது. கோழிகள் உலவும் முற்றம் இரண்டே நாளில் சகதியாகி, எச்சமும் மண்ணும் நீரும் கலந்து நாற்றம் எடுக்கிறது. இதனைத் தீங்கின்றிச் சீர்செய்வது எவ்வாறு என்பதையே இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். இதை எழுத நம்மைத் தூண்டியது நமது அறிவு அன்று. நாம் செய்த தவறு ஒன்றே.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கில் கணவனை இழந்த தாய் ஒருவர் இருந்தார். பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிகளே அவருடைய சொத்து. முட்டை விற்ற காசில்தான் மகளின் பள்ளிச் செலவு நடந்தது. ஒரு கார்த்திகை மாதம் அவ்வீட்டைச் சந்திக்கச் சென்ற நாம், முற்றத்துச் சேற்றைக் கண்டு, "கொஞ்சம் சுண்ணாம்பு தூவுங்கள் அம்மா, சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு வந்தோம். எந்தச் சுண்ணாம்பு என்று சொல்லவில்லை. அந்த வேறுபாடு நமக்கே அப்போது தெரியாது. அவர் காளவாயிலிருந்து சுட்ட சுண்ணாம்பை வாங்கி, பொடித்து, ஈரச் சேற்றின்மீது தாராளமாகத் தூவினார். மறுநாள் கோழிகள் கால் வெந்து, நடக்கமாட்டாமல் ஒடுங்கிக் கிடந்தன. அருகே நின்ற சிறுமியின் கண்ணிலும் தூள் விழுந்தது. அண்டை வீட்டார் உடனே குடம் குடமாக நீர் வார்த்துக் கழுவி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதால் பார்வை தப்பியது. "நீங்க சொன்னீங்கன்னுதான் சாமி போட்டேன்" என்றார் அத்தாய். அச்சொல்லில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதுவே நம்மை மிகவும் வருத்தியது.

சுண்ணாம்பு என்ற ஒரே பெயரில் மூன்று பொருள்கள் வழங்குகின்றன. காளவாயில் சுட்டெடுத்தது முதலாவது. இது நீர் பட்டவுடன் கொதித்துச் சூடேறும். தோலையும் கண்ணையும் வேகவைக்கும். அதனையே நீர்விட்டு நீற்றியது இரண்டாவது. இதில் கொதிப்பு அடங்கியிருப்பினும் காரம் அடங்கவில்லை. ஈரத்தோடு சேர்ந்தால் கோழியின் பாதத்தையும் கண்ணையும் அரிக்கும். சுடாத சுண்ணாம்புக் கல்லை அரைத்த தூள் மூன்றாவது. வயலுக்கு இடுவது இதுவே. மூன்றனுள் இதுவே தீங்கற்றது. ஆயினும் இது மண்ணின் புளிப்பைத் தணிக்குமேயன்றிச் சேற்றை உலர்த்தாது. முன்னிரண்டையும் கோழிகள் நடமாடும் ஈரத்தரையில் இடவே கூடாது. ஈர எச்சத்தின்மேல் அவற்றைத் தூவினால் அம்மோனியா வாயுவும் மிகுதியாகக் கிளம்பிக் கோழிகளின் கண்ணையும் மூச்சையும் தாக்கும்.

பிளீச்சிங் பவுடரைத் தூவுவோரும் உண்டு. அது எச்சத்திலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயுவை உண்டாக்கும். ஆகவே அதுவும் வேண்டாம். அடுப்புச் சாம்பலும் நனைந்தால் காரமாகும். கோழிகள் புரண்டு குளிக்க உலர்ந்த குழியில் சிறிது வைக்கலாம், சேற்றில் கொட்டலாகாது. வைக்கோலைச் சேற்றில் பரப்பினால் சில நாளில் அழுகிப் பூஞ்சணம் பிடிக்கும். அப்பூஞ்சணம் குஞ்சுகளின் நுரையீரலைக் கெடுக்கும்.

சேற்றை அஞ்சுவது ஏன்? இரத்தக் கழிச்சல் நோயின் கிருமி எச்சத்தோடு வெளிவந்து, வெப்பமும் ஈரமும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளிலேயே நோய் தரும் நிலையை அடைகிறது. வழக்கமான கிருமிநாசினிகள் பல அதனை அசைப்பதில்லை. உலர்ந்த தரையே அதற்குப் பகை. குஞ்சுகள் சோர்ந்து, இறகு சிலிர்த்து, எச்சத்தில் இரத்தம் கண்டால், தாமதியாது கால்நடை மருந்தகத்தை நாட வேண்டும்.

ஆகவே, செய்ய வேண்டியது தூள் தூவுவதன்று, நீரை வெளியேற்றுவதே. முதலில் கூரைநீரைத் தடுத்தல் வேண்டும். 100 சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் நீர் வழியும். கூரை ஓரத்தில் தகரமோ பிளந்த மூங்கிலோ கட்டி அந்நீரை அப்பால் திருப்புக. அடுத்து, முற்றத்தின் மேட்டுப் பக்கத்தில் அரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, வெளியிலிருந்து வரும் நீரைத் தடுத்திடுக.

பின்னர், மழை விட்ட நாளில் கோழிகளை வேறிடத்தில் அடைத்துவிட்டு, மேற்சேற்றை எச்சத்தோடு வழித்தெடுத்து, கிணற்றுக்குத் தொலைவான எருக்குழியில் இட்டு மூடுக. பத்தடி நீளத்துக்கு இரண்டு மூன்று அங்குலச் சரிவு இருக்குமாறு தரையை அமைத்து, அடியில் சரளையோ செங்கல் உடைசலோ மூன்று அங்குலமும், அதன்மேல் பருமணல் நான்கு அங்குலமும் பரப்புக. செங்கல் முனைகள் மேலே தெரியலாகாது. அவை பாதத்தைக் கிழித்தால் புண் சீழ்பிடிக்கும். கடல்மணல் உப்புடையது, அதனைத் தவிர்க்க.

கூரையுள்ள பகுதியில் மட்டும் உலர்ந்த உமியை இரண்டு அங்குலம் பரப்பி, நாள்தோறும் கிளறிவிட்டு, அவ்வப்போது புதிதாகச் சேர்த்துவரலாம். ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் நன்று, உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. அப்பகுதியை அகற்றிப் புதிய உமி இடுக. தண்ணீர்க் கலத்தைச் செங்கல்லின்மேல் உயர்த்தி வைத்தால் சிந்தல் குறையும். வேலை முடிந்ததும் கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவ மறவாதீர்.

எவர் கண்ணிலேனும் சுண்ணாம்பு விழுந்தால், கசக்காமல், இமையைத் திறந்து, தூய நீரால் குறைந்தது 20 நிமிடங்கள் இடைவிடாது கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். தோலில் உலர்ந்த சுண்ணாம்பு பட்டிருந்தால் முதலில் தட்டி அகற்றிவிட்டுப் பின் நீர் விடுங்கள்.

அத்தாயின் கோழிகளில் நான்கு மாண்டன. ஏனையவை மெல்லத் தேறின. மறு ஆண்டு புரட்டாசியிலேயே, பங்கு இளைஞர் சிலரை அழைத்துச் சென்று வாய்க்கால் வெட்டிச் சரளை கொட்டினோம். நாமும் மண்வெட்டி பிடித்தோம். அவ்வாண்டு மழையில் அம்முற்றத்தில் நீர் தங்கவில்லை.

பிறருக்குச் சொல்லும் ஒரு சொல், அவர்களுடைய வீட்டையும் பிழைப்பையும் தொடுகிறது. தெரிந்ததை முழுமையாகச் சொல்வோம். தெரியாததைக் கேட்டறிந்து சொல்வோம். மழைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே உங்கள் முற்றத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.