நீலப் பாசிக்கு காசு, கையாலைப் பாசிக்கு விஷம்

குழித்துறை வாவுபலி பொருட்காட்சிக்கு ஆடி மாசம் போனா, வீட்டுல எடம் இருக்கோ இல்லியோ, கையில ஒரு செடியோடதான் எல்லாரும் திரும்புவாங்க. மயில் கழுத்து நிறத்துல மினுங்குற ஒரு செடிய இப்ப அலங்காரத்துக்கு வளக்குறாங்க. மயில் பெரணின்னு பேரு. உண்மையில அது பெரணியும் இல்ல, பாசியும் இல்ல. செலாஜினெல்லா வில்டெனோவின்னு தாவரவியல் பேரு. மலேசியா, இந்தோனேசியா பக்கத்து மழைக்காட்டுல, மரத்தடி இருட்டுல வளர்றது.

வாங்கி வச்சவங்க, "நீலம் போச்சு, ஏமாத்திட்டான்"னு சொல்லுவாங்க. ஏமாத்தல்ல. அந்த நீலம் சாயம் இல்ல. இலைமேல உள்ள ரொம்ப மெல்லிசான அடுக்குல வெளிச்சம் பட்டுத் திரும்புறதால தெரியுற நிறம். தண்ணி பட்டா மறையும், காஞ்சா வரும். வெயில்ல வளந்தா சாதா பச்சைதான். முற்றத்து வெயில்ல கொண்டு வச்சிட்டு விக்கிறவன ஏசி என்ன பயன்?

எனக்கு உள்ள வருத்தம் வேற. இதே குடும்பத்துச் செடி நம்ம விளையிலயே கிடக்கு. ரப்பர் மூட்டுல, ஓடைக்கரையில, ஈரமான கையாலையில பச்சைச் சரிகை மாதிரி படந்து கிடக்குமே, அதுல பாதி செலாஜினெல்லாதான். பூக்காது, காய்க்காது, தூள் மாதிரி வித்துலதான் பெருகும். முப்பது கோடி வருசத்துக்கு முந்தி பெருமரமா நின்னு நிலக்கரியா மாறுன செடிகளோட சொந்தக்காரன் இவன். தண்டுலேர்ந்து வேரு இறக்கி மண்ணப் புடிச்சிக்கும். நமக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. வெறும் மண்ணுல துளி விழுந்தா தெறிச்சி ஓடும், இது மூடிக் கிடந்தா தெறிக்காது.

அதத்தான் "காடு புடிச்சி கிடக்கு"ன்னு களைக்கொல்லி அடிச்சிக் கருக்குறோம். வெட்டுக்கூலி கட்டல்லன்னு சொல்லுறாங்க, கூலி கூடிப்போச்சி, அது நியாயந்தான். மரமூட்டுலயும் நடைபாதையிலயும் களை எடுக்கணும், சரி. கையாலைச் சரிவுல எதுக்கு அடிக்கணும்? அங்க என்ன நடப்போறோம்? பக்கத்து விளையில அடிச்ச வருசமே கையாலை ரெண்டு எடத்துல இடிஞ்சி, மண்ணு முழுக்க ஓடையில கிடந்துச்சு. திரும்பக் கட்டுன கூலியில எத்தன தடவ காடு வெட்டியிருக்கலாம்!

மயில் பெரணி வச்சிருக்கவங்களுக்கு ஒரு காரியம். அது கொடி மாதிரி ஏறுற சாதி, வெட்டுன தண்டும் ஈரத்துல முளைக்கும். கழிச்சத ஓடையில வீசாதீங்க. காய வச்சி எரிச்சிடுங்க. சட்டிய கிணத்துப் பக்கம் நிழல்ல மாத்தி வச்சிப் பாருங்க, புதுசா வர்ற இலையில நீலம் வரும்.