லட்ச ரூபாய் பிஸ்டல்... கடன் வாங்குறதுக்கு முன்னாடி பிள்ளையின் கையைப் பாருங்க!

சென்னை: பத்து மீட்டர் தூரத்தில் ஒரு சட்டை பட்டன். ஒரே கையால் பிஸ்டலைப் பிடித்து, அதை 60 தடவை குறி பார்த்து சுட வேண்டும். ஒரு மணி 15 நிமிஷத்தில் முடிக்க வேண்டும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியின் தகுதிச் சுற்று இதுதான். நடுவில் இருக்கும் 10 பாயிண்ட் வட்டத்தின் அகலம் வெறும் 11.5 மில்லி மீட்டர்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அரியானா பெண் மனு பாக்கர் தனியாக ஒரு வெண்கலம், இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் ஜோடி சேர்ந்து இன்னொரு வெண்கலம் என்று அள்ளி வந்தது இந்தப் பிரிவில்தான். டி.வி.யில் பார்த்த பிள்ளை, "அப்பா, எனக்கும் ஒரு பிஸ்டல் வாங்கித் தா" என்று கேட்டால் ஆச்சரியம் இல்லை. சரப்ஜோத் ஒரு விவசாயி மகன். 2018 ஆசிய விளையாட்டில் 16 வயதில் தங்கம் அடித்த சவுரப் சவுத்ரியும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். அவங்களால முடியும்னா நம்ம பிள்ளையால முடியாதா என்று எந்த அப்பனுக்கும் தோணத்தான் செய்யும்.

சிக்கல் விலையில் ஆரம்பிக்கிறது. ஸ்டெயர், மொரினி, வால்தர், பெயின்வெர்க்பாவ், பார்டினி என்று ஒலிம்பிக்கில் பார்க்கிற பிஸ்டல்கள் எல்லாம் ஐரோப்பிய சரக்கு. புதுசாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். ஆட்டோ ஓட்டுகிறவரோ, மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரோ அந்தப் பணத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டும், இல்லை என்றால் வட்டிக்கு வாங்க வேண்டும். அப்படி வாங்கின பிஸ்டல் பிள்ளையின் கைக்குப் பொருந்தவில்லை என்றால்? பீரோவில் தூங்கும். வட்டி மட்டும் தூங்காது.

பலூன் துப்பாக்கி வேற... இது வேற!

மெரினா பீச்சில் பலூன் சுடுகிற துப்பாக்கியைப் பிடிக்காதவர்கள் சென்னையில் குறைவு. அதுவும் காற்றில் வேலை செய்வதுதான். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும், விசையை அழுத்தினால் ஸ்பிரிங் பாய்ந்து காற்றைத் தள்ளும். அந்த அதிர்ச்சியில் துப்பாக்கியே குதிக்கும். பலூனுக்கு அது போதும், சட்டை பட்டனுக்குப் போதாது.

போட்டி பிஸ்டலில் ஸ்பிரிங் கிடையாது. குழலுக்குக் கீழே சின்ன சிலிண்டர் இருக்கும். அதில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து வைப்பார்கள். ஒவ்வொரு சுடலுக்கும் அளந்து எடுத்த மாதிரி ஒரே அளவு காற்று வரும். கை ஆடாமல் இருந்தால் பிஸ்டலும் ஆடாது. விலை எகிறுவதற்கு இந்த வேலைப்பாடு ஒரு முக்கிய காரணம்.

ஆயிரம், இரண்டாயிரத்துக்குக் கிடைக்கிற ஸ்பிரிங் பிஸ்டலை வாங்கி மொட்டை மாடியில் பழகினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அதில் பழகிய பிள்ளை, விசையை இழுக்கும்போது துப்பாக்கி குதிக்கும் என்று பயந்து மணிக்கட்டை இறுக்கும். அந்தப் பழக்கத்தை விட வைப்பதற்குள் கோச்சுக்கு மண்டை காய்ந்துவிடும். மொட்டை மாடி என்பதே தப்பு. பெல்லட் தெறித்து பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் பட்டால் பிள்ளையின் எதிர்காலம் ஸ்டேஷனில்தான்.

லைசென்ஸ் வேணுமா?

இதில்தான் ரொம்பப் பேருக்குக் குழப்பம். ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம். 2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மில்லி மீட்டரைத் தாண்டக் கூடாது, சக்தி 20 ஜூலைத் தாண்டக் கூடாது. போட்டி பிஸ்டலின் சக்தி 5, 6 ஜூல் அளவில்தான் இருக்கும். வாங்கும்போது அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொடுக்க வேண்டும். பில்லைப் பத்திரமாக வைத்துக் கொள்ளணும். பையோடு பஸ்சில் போகும்போது போலீஸ் நிறுத்தினால் அந்த பில்லும் கிளப் அட்டையும்தான் பேசும்.

தோட்டா போட்டு சுடும் பாயிண்ட் 22 பிஸ்டல் கதையே வேற. 25 மீட்டர் போட்டிக்கு அதுதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ராணுவ வீரர் விஜய் குமார் வெள்ளி வாங்கிய ரேபிட் பயர் பிரிவும் அந்த ரகத்தில்தான். அதற்கு 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கட்டாயம். 21 வயது முடிந்திருக்க வேண்டும். சென்னையில் போலீஸ் கமிஷனரிடமும் மாவட்டங்களில் கலெக்டரிடமும் மனு போடணும். அதுவும் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று என்று இருந்ததை 2019 திருத்தத்தில் குறைத்துவிட்டார்கள்.

"தெரிஞ்சவர் ஒருத்தர் சீப்பா முடிச்சுத் தர்றேங்கிறார்" என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே தலை வைக்காதீங்க. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி கையில் சிக்கினால் அதே 2019 திருத்தப்படி குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில். பதக்கக் கனவு புழலில் போய் முடியும்.

ஆகவே புதுசாக வருகிறவருக்கு முதல் பிஸ்டல் என்றால் அது ஏர் பிஸ்டல்தான். இதில் ரெண்டாவது பேச்சே கிடையாது.

செருப்பு மாதிரி அளவு பார்க்கணும்

பிஸ்டலில் பிராண்டை விட முக்கியம் கைப்பிடி. ரேஞ்சில் இதை 'கிரிப்' என்பார்கள். பெரும்பாலும் மரத்தில் செதுக்கியது. வலது கைக்குத் தனி, இடது கைக்குத் தனி. அதிலும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று சைஸ் உண்டு. உள்ளங்கைக்குக் கீழே ஒரு தட்டு மாதிரி இருக்கும், அதை ஏற்றி இறக்கலாம். பிடித்தவுடன் விரல்கள் தன் இடத்தில் போய் உட்காரணும். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, பிறகு கண்ணைத் திறந்தால் முன் குறியும் பின் குறியும் ஏறக்குறைய நேராக இருக்கணும். இல்லை என்றால் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டை முறுக்கித்தான் நேராக்க வேண்டி வரும். 60 தடவை முறுக்கினால் கை என்னத்துக்கு ஆகும்?

வளர்கிற பிள்ளைக்கு இரண்டு வருஷத்தில் உள்ளங்கை பெரிதாகிவிடும். அதற்காகப் புது பிஸ்டல் வாங்க வேண்டியதில்லை. கைப்பிடியை மட்டும் மாற்றலாம், மரத்தை அரம் போட்டு சீவியும் மரப் பட்டி வைத்தும் சரி செய்யலாம். விஷயம் தெரிந்த கோச் இருந்தால் இதிலேயே பெரிய தொகை மிச்சம்.

அடுத்தது எடை. விதிப்படி 1500 கிராம் வரை போகலாம். சந்தையில் இருப்பவை பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டி வரும். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், அரை நிமிஷத்தில் தோள் கெஞ்சும். 12, 13 வயதுப் பிள்ளைக்கு இந்த எடை அதிகம். அவர்களுக்கென்றே குழல் குட்டையான, எடை குறைந்த மாடல்கள் வருகின்றன. "வளர்ந்தா சரியாயிடும்" என்று பெரிய சைஸ் யூனிபார்ம் தைக்கிற மாதிரி பெரிய பிஸ்டல் வாங்கினால் தோள்பட்டைதான் பழுதாகும்.

கண்ணையும் பார்க்கணும். வலது கைக்காரர் சிலருக்கு இடது கண்தான் வேலை செய்யும் கண். சோதிப்பது சுலபம். இரண்டு கண்ணையும் திறந்தபடி ஒரு விரலை நீட்டி தூரத்தில் இருக்கும் விளக்கைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண்ணால் பார்க்கும்போது விரல் இடம் மாறவில்லையோ அதுதான் குறி பார்க்கும் கண். வலது கைப்பிடி வாங்கின பிறகு இது தெரிந்து என்ன பிரயோஜனம்?

டோக்கியோவில் நடந்தது என்ன?

விசை விஷயத்துக்கு வருவோம். ஏர் பிஸ்டல் விசையில் குறைந்தது அரை கிலோ எடை தாங்க வேண்டும் என்பது விதி. போட்டியில் விசையில் 500 கிராம் எடைக்கல்லை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். தாங்கவில்லை என்றால் சுட விட மாட்டார்கள்.

விசையில் இரண்டு ரகம். சாதாரண இயந்திர விசை ஒன்று, பேட்டரியில் ஓடும் எலெக்ட்ரானிக் விசை இன்னொன்று. எலெக்ட்ரானிக் விசை வெண்ணெய் மாதிரி. பெரிய வீரர்கள் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் கோளாறு வந்தால்? 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே மனு பாக்கருக்கு தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் மக்கர் பண்ணியது. இடத்தை விட்டுப் போய் சரி செய்து திரும்புவதற்குள் பொன்னான நிமிஷங்கள் போய்விட்டன. 575 பாயிண்ட் எடுத்தும் இரண்டே பாயிண்டில் பைனல் கைநழுவியது. ஒலிம்பிக் வீராங்கனைக்குப் பக்கத்தில் கோச் இருந்தார், மாற்று ஏற்பாடு இருந்தது. நம்ம ஊர் பிள்ளைக்கு மாவட்டப் போட்டியில் யார் இருக்கா? முதல் பிஸ்டலுக்கு இயந்திர விசையே மேல். பழுது பார்ப்பதும் எளிது.

செகண்ட் ஹேண்ட்... தேதி பார்த்தீங்களா?

சீனியர்கள் புது மாடலுக்கு மாறும்போது பழசை விற்பார்கள். வசதி இல்லாத வீட்டுக்கு இதுதான் நல்ல வழி. நன்றாகப் பராமரித்த போட்டி பிஸ்டல் வருஷக் கணக்கில் உழைக்கும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. காற்று சிலிண்டருக்கு ஆயுள் 10 வருஷம்தான். அதன் மேலேயே தேதி பொறித்திருக்கும். காலாவதியான சிலிண்டரைப் போட்டியில் பயன்படுத்தக் கூடாது, அழுத்தம் தாங்காமல் போனால் ஆபத்தும்கூட. கேஸ் சிலிண்டர் வாங்கும்போது பார்க்காத தேதியை இதிலாவது பாருங்க. 8 வருஷம் முடிந்த சிலிண்டர் என்றால், புது சிலிண்டருக்கு ஆகும் செலவை விலையில் கழித்துப் பேசணும்.

இன்னொன்று, காற்றை நிரப்பி ஒரு ராத்திரி அப்படியே வைக்கச் சொல்லுங்கள். காலையில் சிலிண்டரில் இருக்கும் முள் இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் வளையம் போயிருக்கு என்று அர்த்தம். சின்ன ரிப்பேர்தான், ஆனால் விற்பவர் சொல்ல மாட்டார்.

பிஸ்டலோடு செலவு முடியாது. பெல்லட் 500 கொண்ட டப்பாவாக வரும். தினம் 60 சுட்டால் எட்டு நாளில் ஒரு டப்பா காலி. மாதம் 25 நாள் பழகினால் மூன்று டப்பா. காற்று அடிக்க பம்பு வேண்டும், அல்லது கிளப் சிலிண்டரில் நிரப்பிக் கொள்ளணும். ரேஞ்ச் கட்டணம், போட்டி நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட் எல்லாம் தனி. கடன் வாங்கி பிஸ்டல் வாங்கிவிட்டு பெல்லட்டுக்குக் காசில்லாமல் நிற்பதை விட, அந்தப் பணத்தில் ஒரு வருஷம் கிளப் பிஸ்டலில் பழகுவது ஆயிரம் மடங்கு புத்திசாலித்தனம்.

பாட்டி கையில் தண்ணி ஜக்

உத்தர பிரதேசத்தில் ஜோஹ்ரி என்று ஒரு கிராமம். 1999ல் பேத்திக்குத் துணையாக ரேஞ்சுக்குப் போன சந்திரோ தோமர் என்ற பாட்டி, பேத்தி தயங்கியபோது தானே பிஸ்டலை வாங்கி சுட்டுப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 65க்கு மேல்! ஓரகத்தி பிரகாஷியும் சேர்ந்து கொண்டார். வீட்டில் யாருக்கும் தெரியாமல் தண்ணி நிரம்பிய ஜக்கை நீட்டிப் பிடித்துத்தான் கையைப் பழக்கினார் சந்திரோ. பிறகு இருவரும் பதக்கமாகக் குவித்து, 2019ல் அவர்கள் கதை இந்தி சினிமாவாகவும் வந்தது. 2021ல் சந்திரோ காலமானார். அந்தப் பாட்டி தொட்ட முதல் பிஸ்டல் சொந்த பிஸ்டல் இல்லை, கிளப் பிஸ்டல்.

தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று பல ஊர்களில் ரைபிள் கிளப் இருக்கிறது. நடிகர் அஜித் பழகிய சென்னை கிளப் எழும்பூர் பழைய கமிஷனர் ஆபீஸ் வளாகத்தில். 2021ல் அங்கே போக வேண்டிய அஜித், வழி மாறி வேப்பேரி புது கமிஷனர் ஆபீசில் போய் இறங்கி, அங்கே இருந்தவர்கள் செல்பி எடுக்க முண்டியடித்த கதை ஊருக்கே தெரியும்.

கட்டணம் கிளப்புக்கு கிளப் மாறும். நேரில் போய் விசாரிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பிள்ளைங்க பழக கிளப் பிஸ்டல் இருக்கா சார்?" என்பதுதான். இருந்தால் நாலைந்து மாசம் அதில் ஓட்டலாம். இரண்டு, மூன்று மாடல்களைப் பிடித்துப் பார்த்த பிறகு பிள்ளைக்கே தெரிந்துவிடும், எது கைக்கு உட்காருது என்று. "முதல்ல பிஸ்டல் வாங்கிட்டு வாங்க, அப்புறம் சேர்த்துக்கிறோம், நானே ஆள் சொல்றேன்" என்று சொல்கிற இடமாக இருந்தால் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது. கோச்சுக்கும் விற்பவருக்கும் என்ன உறவு என்று விசாரிப்பதில் தப்பே இல்லை.

வீட்டில் பழக பெல்லட்டே வேண்டாம். நல்ல போட்டி பிஸ்டல்களில் காற்றும் பெல்லட்டும் இல்லாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகும் வசதி உண்டு. வெள்ளைச் சுவரைப் பார்த்து தினம் அரை மணி நேரம் இப்படிப் பழகுவதைப் பெரிய வீரர்களே விடுவதில்லை. அப்போதும் குழல் ஆள் பக்கம் திரும்பக் கூடாது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பதை உறுதி செய்து கொள்ளணும், விரல் கடைசியில்தான் விசைக்குப் போகணும். வாங்கிய பிறகு பெட்டியில் பூட்டி, பெல்லட்டைத் தனியாக, சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பெல்லட் ஈயத்தில் செய்தது. ரேஞ்சில் இருந்து வந்த பிள்ளையை சோப்பு போட்டு கை கழுவ வைத்துவிட்டு அப்புறம் தட்டைப் போடுங்கள்.