எந்தத் துளைக்கு எந்த ஸ்குரூ?

ஒருவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்பதைச் சொல்லத் தமிழில் 'மரை கழன்ற ஆள்' என்கிறோம். பட்டறையிலிருந்து வீட்டுக்குள் வந்த சொல். ஸ்குரூவின் உடம்பைச் சுற்றி ஓடும் சரிவான வரம்புக்கு லேத் போடுகிறவர்கள் வைத்திருக்கும் பெயர் மரை. பாடப்புத்தகம் எழுதியவர்கள் அதைத் 'திருகுபுரி' என்றார்கள். வலம்புரிச் சங்கில் இருக்கும் அதே புரி. அழகான சொல்தான், ஆனால் ஹார்டுவேர் கடையில் அதைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். ஆங்கிலத்தை மட்டும் பார்த்து 'திருகு நூல்' என்று மொழிபெயர்த்தால் இன்னும் விபரீதம். பட்டறையில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 'நாலு நூல் போல்ட்டு' என்றால் அரை அங்குல போல்ட்டு.

சொல்லில் உள்ள இந்தக் குழப்பம் இரும்பில் இன்னும் பெரிது. அதன் உச்சத்தைக் காண ஒரு பழைய ரைஃபிளைக் கையில் எடுக்க வேண்டும். தோட்டா ஏறி, பூட்டப்பட்டு, வெடிக்கிற இரும்புக் கூட்டுக்கு ரிசீவர் என்று பெயர். அதன் முதுகிலோ இடது விலாவிலோ இரண்டு அல்லது நான்கு சிறு துளைகள் இருக்கும். ஒரு காலத்தில் அங்கே குறி பார்ப்பதற்கான சைட் உட்கார்ந்திருந்தது. இன்று சைட்டும் இல்லை, அதைப் பிடித்திருந்த ஸ்குரூவும் இல்லை. துளை மட்டும் இருக்கிறது. அது என்ன மரை என்று எங்கும் எழுதியிருக்காது.

இந்த நாட்டில் இதெல்லாம் யாருக்கு என்று கேட்கலாம். வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்தது, துப்பாக்கிகள் முடியவில்லை. குடகில் கொடவர்களும் ஜம்மா நில உரிமை உள்ளவர்களும் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே உரிமம் பெறும் கடமையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். 2019-இல் வந்த அறிவிப்பு அந்த விலக்கை 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுத் தேங்காயைக் குறி வைத்துச் சுடுவார்கள். மற்ற இடங்களில் தாத்தாவின் உரிமத்தை முறைப்படி மாற்றி வாங்கிக்கொண்ட பேரன்கள் இருக்கிறார்கள். பழைய பர்மிங்ஹாம் ரைஃபிள்களைப் பீரோவில் வைத்திருக்கும் கிளப்புகள் இருக்கின்றன. .303 ராணுவ அளவு என்பதால் குடிமக்களுக்கு மறுக்கப்பட்டு, அதே லீ-என்ஃபீல்டு உடலில் .315 அளவுக் குழலோடு செய்த ரைஃபிள்கள் வட மாநிலங்களில் ஏராளம். முதலில் பர்மிங்ஹாமிலிருந்து வந்தன, பிறகு நம் அரசுத் தொழிற்சாலையிலேயே செய்தார்கள். .303-ம் அப்படியொன்றும் பழங்கதை அல்ல. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடைகொடுத்தது 2020 குடியரசு தினத்தில்தான்.

நடப்பது வழக்கமாக இதுதான். எங்கிருந்தோ ஒரு பழைய சைட் கிடைக்கிறது. கூடவே வந்த ஸ்குரூவைத் துளையில் வைத்துத் திருப்புகிறார்கள். இரண்டு சுற்று இலகுவாகப் போகிறது, மூன்றாவதில் இறுகுகிறது. 'கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்' என்கிறார் பக்கத்தில் நிற்பவர். போய்விடத்தான் செய்கிறது, துளைக்குள் நூறு வருடமாக இருந்த மரையும் கூடவே போய்விடுகிறது. அந்த இடத்தில் ரிசீவரின் கனம் 4 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். மறுபடி வெட்டிக்கொள்ள அங்கே இரும்பு கிடையாது.

இரண்டு சுற்று ஏன் போயிற்று என்பதுதான் விஷயம். உலகம் முழுவதும் சைட் ஸ்குரூக்கள் ஏறக்குறைய ஒரே பருமன். அமெரிக்கத் துப்பாக்கிக் கலைஞர்களின் பிரியமான அளவு 6-48. முதல் எண் பருமனைச் சொல்கிறது: பூஜ்யம் எண் என்றால் 0.060 அங்குலம், அதன் பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் 0.013 கூட்ட வேண்டும். ஆறுக்கு 0.138 அங்குலம், அதாவது 3.5 மி.மீ. இரண்டாவது எண், அங்குலத்துக்கு 48 மரை. அதே 3.5 மி.மீ. பருமனில் அங்குலத்துக்கு 40 மரை வைத்த 6-40 உண்டு. மெட்ரிக்கில் எம் 3.5 உண்டு. பிரிட்டிஷ்காரர்கள் கருவிகளுக்கும் சைட்டுகளுக்கும் பயன்படுத்திய பி.ஏ. வரிசையில் 4 பி.ஏ. இருக்கிறது, பருமன் 3.6 மி.மீ. நான்கையும் உள்ளங்கையில் போட்டுக் கலக்கினால் பிறகு பிரிக்க முடியாது.

வேறுபாடு மரைக்கும் மரைக்கும் உள்ள தூரத்தில். 6-48-இல் அது 0.53 மி.மீ.; எம் 3.5-இல் 0.6, 6-40-இல் 0.635, 4 பி.ஏ.வில் 0.66. ஒரு மரையில் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது மரையில் வித்தியாசம் சேர்ந்து பல்லோடு பல் மோதும். கைக்குத் தெரியும் அந்த இறுக்கம் அதுதான்.

இத்தனை மரைகள் எதற்கு? எல்லாரும் ஒழுங்குபடுத்த முயன்றதன் விளைவு. 1841-இல் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து, சராசரி பார்த்து, மரையின் கோணம் 55 டிகிரி என்று வகுத்தார். (மனிதருக்குத் துப்பாக்கிப் பைத்தியமும் உண்டு. ஆறு பட்டைத் துளை வைத்த ரைஃபிள் ஒன்றைச் செய்தார். 1860-இல் விம்பிள்டன் சுடும் போட்டியைத் தொடங்கிவைத்த விக்டோரியா ராணி, தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைஃபிளைத்தான் பட்டுக் கயிற்றை இழுத்துச் சுட்டார்.) 1864-இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ், 55 டிகிரி வெட்டுவது சிரமம், 60 போதும் என்றார். அமெரிக்கா அந்தப் பக்கம் போயிற்று. சிறு ஸ்குரூக்களுக்கென்று 1880-களில் பிரிட்டிஷ் சங்கம் ஒன்று சுவிஸ் முறையைத் தழுவி பி.ஏ. வரிசையைக் கொண்டுவந்தது. அதன் கோணம் 47.5 டிகிரி. இங்கிலாந்தின் மரை, ஆனால் அடிப்படை அளவு மில்லிமீட்டர்! 0 பி.ஏ. என்பது 6 மி.மீ. பருமன், 1 மி.மீ. இடைவெளி, அடுத்தடுத்த எண்ணுக்கு இடைவெளி பத்தில் ஒரு பங்கு குறைந்துகொண்டே போகும். இது போதாதென்று என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலை தன் ரைஃபிள்களுக்குப் பொது அட்டவணை எதிலும் இல்லாத சில மரைகளை வைத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் ஒரே அணியில் நின்ற அமெரிக்காவும் பிரிட்டனும் ஒருவர் போல்ட்டை மற்றவர் இயந்திரத்தில் போட முடியாமல் திண்டாடின. அந்த அனுபவத்தில் 1948 நவம்பர் 18 அன்று கனடாவையும் சேர்த்துக்கொண்டு மூன்று நாடுகளும் வாஷிங்டனில் பொது மரைக்குக் கையெழுத்திட்டன. அந்தப் பொது அட்டவணையிலும் 6-48 வழக்கமான அளவாக இடம்பெறவில்லை. துப்பாக்கிக்காரர்கள் அதை விடுவதாகவும் இல்லை. காரணம் எளியது: 4 மி.மீ. கனத்தில் சாதாரண 6-32 போட்டால் 5 மரைதான் பிடிக்கும், 6-48 போட்டால் ஏழரை.

நாட்டை வைத்து ஊகிப்பது என்ற வழி ஒன்று உண்டு. அமெரிக்க ரைஃபிள் என்றால் 6-48, பிரிட்டிஷ் என்றால் பி.ஏ., ஜெர்மன் என்றால் மெட்ரிக். பாதி நேரம் சரியாக வரும், அதனால்தான் ஆபத்து. ஜெர்மனியின் புகழ்பெற்ற மௌசர் 98-இன் குழல் ரிசீவரில் ஏறுவது அங்குலத்துக்கு 12 மரை, 55 டிகிரி கோணம். அசல் விட்வொர்த் மரபு. சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907-இல் பரிசளிக்கப்பட்ட ரிக்பி ரைஃபிள் லண்டனில் செய்தது, இயந்திரம் மௌசருடையது. அப்படிப்பட்ட ஒரு துப்பாக்கியில் பிற்காலத்தில் ஒருவர் அமெரிக்க சைட்டை வைத்திருந்தால் துளை எந்த நாட்டு மரை? வைத்தவர் கையில் அன்று எந்த டேப் இருந்ததோ அந்த மரை. நான்கு துளைகளில் இரண்டு ஒரு அளவு, இரண்டு வேறு அளவு என்பதும் சகஜம். ஒவ்வொன்றையும் தனியாக அளக்க வேண்டும்.

அளப்பதற்கு முன் தோட்டா இல்லை என்று பார்த்து, போல்ட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். பழைய ஸ்குரூ ஒன்றாவது மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம். வெர்னியரில் அதன் பருமனைப் பார்க்கலாம், ஆனால் நம்பக் கூடாது. தேய்ந்திருக்கும், யாராவது அரம் போட்டிருப்பார்கள். பத்து மரையின் நீளம்தான் சாட்சி. 5.3 மி.மீ. வந்தால் 6-48, 6 வந்தால் மெட்ரிக். 6.35-க்கும் 6.6-க்கும் நடுவில் தடுமாறினால் மரை கேஜ் வேண்டும். சீப்புப் பல் வைத்த இரும்பு இலைகள் விசிறியாக விரியும் சின்னக் கருவி. பல்லை மரையில் பதித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பொருந்தாத இடத்தில் ஒளிக்கீற்று தெரியும். 60 டிகிரி இலை 47.5 டிகிரி மரையில் ஒருபோதும் முழுதாக உட்காராது. பி.ஏ. இலைகளைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

ஸ்குரூவே இல்லாவிட்டால்? டிரில் பிட்டின் பின்பக்கத்தைத் துளையில் விட்டுப் பார்ப்பார்கள் சிலர். இங்கே பயனில்லை, இந்த நான்கு அளவுகளின் உள் விட்டமும் 3 மி.மீ.க்கு அக்கம்பக்கம்தான். பழைய ஆட்களின் வழி நல்ல வழி. எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஐஸ்கிரீம் குச்சி மாதிரி மெத்தென்ற மரத்தைக் கூம்பாகச் சீவி, துளையில் மெல்லத் திருகி ஏற்றி, அதே மாதிரி திருகி இறக்க வேண்டும். துளையின் மரை குச்சியில் அச்சாகப் பதிந்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்து எண்ணிக்கொள்ளலாம். இன்னொரு துப்பு, இரண்டு துளைகளின் மையத் தூரம். 12.7 மி.மீ. வந்தால் துளை போட்டவர் அரை அங்குலத்தில் யோசித்தவர். 12 என்றோ 15 என்றோ முழு எண்ணில் நின்றால் மெட்ரிக்காரராக இருக்கலாம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கலாம். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 60 செ.மீ. என்று வையுங்கள். பொருந்தாத ஸ்குரூவால் பின் சைட் 0.1 மி.மீ. அசைந்தால், 50 மீட்டரில் குண்டு 8 மி.மீ. தள்ளிப் போகும். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-இல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் பத்துப் புள்ளி வட்டத்தின் முழு அகலமே 10.4 மி.மீ.தான். சரியான ஸ்குரூவும் தளரும் என்பது வேறு கதை. உலகப் போரில் லண்டனின் ஹாலந்து அண்ட் ஹாலந்து, லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிள்களில் தொலைநோக்கி வைக்க இடது பக்கத்தில் இரும்புப் பட்டைகளைப் பொருத்தியது. தொலைநோக்கியின் எண்ணைத் துப்பாக்கிக் கட்டையிலேயே பொறித்தார்கள், ஜோடி மாறக் கூடாதென்று. அத்தனை கவனத்துக்குப் பிறகும் பட்டையின் ஸ்குரூக்கள் அதிர்ச்சியில் தளர்ந்தன. தலையைச் சுற்றி மூன்று இடத்தில் பஞ்சால் தட்டி அசையாமல் செய்தார்கள். அரக்குக் கரைசலைத் தொட்டுவைப்பது பழைய கைமுறை. இப்போது லாக்டைட், அதிலும் கழற்ற முடிகிற நீல வகை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். கோயம்புத்தூரிலும் லூதியானாவிலும் எந்த மரையையும் வெட்டித் தரும் கைகள் இருக்கின்றன. ஆனால் 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்குத் தனி உரிமம் வேண்டும். தெருமுனை லேத்துக்குத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. உரிமம் உள்ள துப்பாக்கிக் கலைஞர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள் என்பது என் எண்ணம். அவர்களிலும் பி.ஏ. டேப் வைத்திருப்பவர் சிலர்தான். அளவு தெரியாமல் போய் நின்றால், அவரிடம் எது இருக்கிறதோ அதுதான் துளைக்குள் போகும்.

கெட்டுப்போன துளைக்கும் வைத்தியம் உண்டு. 6-48 துளையை 3.6 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகத் துளைத்தால் பழைய மரை முழுக்க மறைந்து, 8-40 என்ற அடுத்த அளவுக்கு இடம் கிடைக்கும். நல்ல தச்சு, வலுவும் கூடும். ஆனால் ரிசீவர் மேல்தோல் கடினமேற்றியதாக இருந்தால் டேப் உள்ளேயே முறியும். பிறகு மின்பொறியால் அரித்துத்தான் எடுக்க வேண்டும். சேகரிப்பவர்களிடம் அந்த ரைஃபிளின் மதிப்பும் அன்றே இறங்கிவிடும். ஸ்குரூவின் நீளத்தையும் மறக்கக் கூடாது. முன் துளைக்கு நேர் கீழே குழலின் அடிப்பகுதி இருக்கிறது, பின் துளையில் நீண்ட ஸ்குரூ போட்டால் போல்ட்டின் பாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும். ஆப்பு வடிவ சாதா ஸ்குரூ டிரைவர் தலையின் வெட்டைச் சிதைக்கும்; நுனி இணையாக அரைத்ததுதான் வேண்டும்.

கலைஞரிடம் போகும்போது ஒரு சீட்டு எழுதிக்கொண்டு போவது நல்லது. எந்தத் துளை, என்ன பருமன், பத்து மரைக்கு எத்தனை மி.மீ., கோணம், ஆழம், துளைக்குத் துளை தூரம். குச்சியையும் கூட எடுத்துக்கொள்ளலாம்.